அச்சுப் புத்தகத்திலிருந்து இ-ரீடருக்கு: பஸ்ஸிலும் நூலகத்திலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

தருமபுரியிலிருந்து பாலக்கோட்டுக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறேன். ஒரு வழிக்கு முக்கால் மணி நேரம். ஏழு வருடமாக அந்த முக்கால் மணி நேரம் என் கையில் இருப்பது மின்னூல் படிக்கும் கருவியான இ-ரீடர்தான். பக்கத்து சீட்டுக்காரர்கள், நூலகத்து வாசகர் வட்டத்தில் பழகியவர்கள், கிருஷ்ணகிரியில் நாத்தனார் வீட்டுக்குப் போனால் அங்கே வருகிறவர்கள் என்று எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். பதில் சொல்லி முடிப்பதற்குள் யாராவது ஒருவர் இறங்கும் ஸ்டாப் வந்துவிடுகிறது. அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

படிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த ஆறு மாதத்தில் நீங்கள் படிக்க ஆசைப்படும் பத்துப் புத்தகங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எந்தக் கருவி நல்லது என்று யோசிப்பதைவிட அந்தப் பட்டியல்தான் முக்கியம். கீழே பல இடங்களில் அதற்குத் திரும்பி வருவேன்.

ஏம்மா, இது பெரிய செல்போன் மாதிரிதானே இருக்கு? தனியா எதுக்கு ஒண்ணு?

பார்க்க அப்படித்தான் இருக்கும், உள்ளே நடப்பது வேறு. செல்போன் திரை தானே ஒளி விடுகிறது. இ-ரீடரின் திரையில் இருப்பது மின்மை, அதாவது இ-இங்க். தலைமுடிப் பருமனே உள்ள லட்சக்கணக்கான நுண்குமிழிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும். இரண்டுக்கும் எதிரெதிர் மின்னூட்டம். திரைக்குப் பின்னாலிருந்து மின்புலம் கொடுத்தால் வெள்ளையோ கறுப்போ மேலே வந்து நிற்கும். எழுத்து உருவாவது அப்படித்தான். வெளியிலிருந்து விழும் வெளிச்சத்தில் அச்சுத்தாள் தெரிகிற மாதிரியே இதுவும் தெரியும். இந்தத் தொழில்நுட்பத்தை உருவாக்கிய இ இங்க் நிறுவனம் 1997-ல் தொடங்கப்பட்டது. அதை வைத்து, கிண்டில் என்ற தன் முதல் இ-ரீடரை அமேசான் 2007 நவம்பரில் அமெரிக்காவில் விற்றது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. எனக்கு அதுதான் பெரிது. இதில் வாட்ஸ்அப் வராது. கதை நல்ல இடத்தில் போய்க்கொண்டிருக்கும்போது யாரும் ‘காலை வணக்கம்’ அனுப்ப மாட்டார்கள்.

வெயில்ல தெரியுமா? ராத்திரி கரண்ட் போயிட்டா?

நல்ல வெயிலில்தான் இன்னும் தெளிவாகத் தெரியும், காரணம் மேலே சொன்னதுதான். ராத்திரிக்குத் திரையின் ஓரத்தில் சின்ன விளக்குகள் இருக்கின்றன. அவற்றின் ஒளி திரையின் மேல் படரும், நம் கண்ணை நோக்கிப் பாயாது. பழைய கருவி வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: 2019-க்கு முன்னால் வந்த சாதாரண கிண்டிலில் விளக்கே கிடையாது. குறைந்த விலை என்று வாங்கிவிட்டு டார்ச் அடித்துப் படிக்கவேண்டி வரும்.

சார்ஜ் எத்தனை நாள் நிக்கும்?

வாரக்கணக்கில். ஒரு பக்கம் திரையில் நிற்பதற்கு மின்சாரமே தேவையில்லை, பக்கம் புரளும்போதும் விளக்கு எரியும்போதும்தான் செலவு. தினமும் ஒன்றரை மணி நேரம் படிக்கும் நான் மாதத்துக்கு இரண்டு தடவை சார்ஜ் போடுகிறேன். வைஃபையை அணைத்து வைத்தால் இன்னும் நிற்கும்.

எவ்வளவு ஆகும்கா? எதை வாங்கறது?

2022-ல் வந்த 6 அங்குலச் சாதாரண கிண்டில் பத்தாயிரத்தை ஒட்டி விற்றது. 7 அங்குலத் திரையுள்ள பேப்பர்வைட் 2025 ஏப்ரலில் இந்தியாவுக்கு வந்தபோது விலை 16,999 ரூபாய். பேப்பர்வைட்டில் தண்ணீர் பட்டாலும் தாங்கும், விளக்கின் நிறத்தை மஞ்சளாக மாற்றிக்கொள்ளலாம். கதை, கட்டுரை மட்டும் படிப்பவருக்குச் சாதாரணமானதே போதும். எடை 158 கிராம்தான், ஒரு கையில் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி படிக்கலாம்.

வேறு நிறுவனக் கருவிகளும் உண்டு. நான் கிண்டிலை வைத்தே பேசுவதற்குக் காரணம், தமிழில் விலைக்கு விற்கும் மின்னூல்கள் அதிகம் கிடைப்பது அங்கேதான். செகண்ட் ஹேண்ட் வாங்கினால், பழைய உரிமையாளர் தன் கணக்கிலிருந்து கருவியை நீக்கிவிட்டாரா என்று அவர் எதிரிலேயே பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

தமிழ் எழுத்து ஒழுங்கா தெரியுமா?

தெரியும். அமேசானின் கிண்டில் கடையில் தமிழ் மின்னூல்கள் 2016 டிசம்பரிலிருந்து விற்பனையில் இருக்கின்றன. எழுத்துரு தெளிவாகவே இருக்கிறது.

ஆனால் எழுத்து தெரிவது வேறு, எழுத்து சரியாக இருப்பது வேறு. பழைய அச்சுப் பக்கத்தை ஸ்கேன் செய்து, கணினியை வைத்து எழுத்தாக்கி, மெய்ப்புப் பார்க்காமல் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: ‘ர’ வரவேண்டிய இடத்தில் கால் வந்திருக்கும், கால் வரவேண்டிய இடத்தில் ‘ர’ நிற்கும். ‘மரம்’ என்ற சொல் ‘மாம்’ என்று இருக்கும். ஒற்றைக்கொம்பு தன் எழுத்தை விட்டுப் பிரிந்து புள்ளிவட்டத்தோடு தனியாக நிற்கும். இதனால்தான் வாங்குவதற்கு முன் இலவச மாதிரிப் பக்கங்களை இறக்கிப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். முதல் பத்துப் பக்கத்தில் இந்தப் பிழை மூன்று இடத்தில் இருந்தால் நான் வாங்குவதில்லை.

எங்க அப்பாவுக்குக் கண்ணு சரியா தெரியல. அவரால இதுல படிக்க முடியுமா?

முதலில் கண் டாக்டரிடம் காட்டுங்கள். புரையாக இருந்தால் அதற்கு வைத்தியம்தான் வழி, கருவி இல்லை. டாக்டர் பார்த்தும் சின்ன எழுத்து கஷ்டமாகவே இருக்கிறது என்றால், இந்தக் கருவி பெரிய உதவி.

என் அப்பா படிப்பதை நிறுத்தி மூன்று வருடம் ஆகியிருந்தது. ‘ஆர்வம் போயிடுச்சு’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார், நாங்களும் நம்பினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கருவியில் எழுத்தை ஆகப் பெரிதாக்கி, புறநானூற்றில் அதியமானுக்கு ஔவை பாடிய நெல்லிக்கனிப் பாட்டை எடுத்து அவர் மடியில் வைத்தேன். பக்கத்துக்கு ஆறேழு வரிதான் நின்றது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தார், கருவியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார், உதடு அசைந்தது. பிறகு பக்கத்தைத் தள்ளுவதற்கு விரலை எச்சில் தொட்டுக்கொண்டார். அது திரை, எச்சில் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த மாதமே அவருக்குத் தனியாக ஒன்று வாங்கினேன்.

பெரியவர்களுக்குக் கொடுக்கும்போது மூன்று விஷயத்தைச் செய்து கொடுங்கள். எழுத்தளவை நீங்களே வைத்துவிடுங்கள், வரி இடைவெளியைக் கூட்டுங்கள், முதல் நாள் ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் போடுங்கள். முகப்பில் இருபது அட்டைப்படம் வரிசையாக நின்றால் அவர்களுக்கு மிரட்சியாகிவிடும்.

நான் தேடற புத்தகம் எல்லாம் இதுல கிடைக்குமா?

எல்லாம் கிடைக்காது. இதை மறைத்துச் சொல்லி யாரையும் வாங்க வைக்க எனக்கு விருப்பமில்லை. தமிழில் நல்ல பதிப்பகங்கள் பல, தங்கள் நூல்களில் ஒரு பகுதியைத்தான் மின்னூலாக்கியிருக்கின்றன. சிறு பதிப்பகங்களின் கவிதைத் தொகுதிகள், வட்டார வரலாறு, நம் பக்கத்து நடுகற்களைப் பற்றிய நூல்கள் போன்றவற்றுக்கு இன்றும் காகிதம்தான்.

முதலில் எழுதச் சொன்ன பட்டியலை இப்போது எடுங்கள். பத்தில் எத்தனை மின்னூலாகக் கிடைக்கிறது என்று செல்போனில் தேடி டிக் அடியுங்கள். ஆறுக்கு மேல் என்றால் தாராளமாக வாங்கலாம். மூன்றுக்குக் கீழே என்றால் அந்தப் பத்தாயிரத்தை தருமபுரி, ஓசூர் புத்தகத் திருவிழாக்களில் செலவழியுங்கள், நிறைய கிடைக்கும். நடுவில் நின்றால், நீங்கள் பழைய நூல்கள் படிக்கிறவரா என்பதைப் பொறுத்தது. ஏன் என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

காசு கொடுக்காம, சட்டப்படி படிக்க என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. மதுரைத் திட்டம் 1998 பொங்கல் அன்று தொடங்கியது. உலகம் முழுதும் உள்ள தமிழர்கள் சம்பளம் வாங்காமல் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து வைத்த நூல்கள் அதில் இருக்கின்றன. சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரை கிடைக்கும். அப்பாவுக்கு நான் எடுத்துக் கொடுத்த புறநானூறு அங்கிருந்து வந்ததுதான். தகடூர் என்று நம் ஊர் பெயர் வாங்கிய காலத்துப் பாட்டு, நம் ஊர் பஸ்ஸில் கையில் இருக்கிறது என்பதில் எனக்கு இன்றும் ஒரு சந்தோஷம்.

ஃப்ரீதமிழ்இபுக்ஸ் என்ற தளம் 2013-லிருந்து இயங்குகிறது. எழுத்தாளர்களே பகிர அனுமதி கொடுத்த இக்கால நூல்களும் அதில் உண்டு. எழுத்தளவை மாற்றிக்கொள்ளக்கூடிய இபப் என்ற மின்னூல் வடிவமும், 6 அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்த பிடிஎஃப்பும் தருகிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய பதிப்புகள், இதழ்கள் ஸ்கேன் வடிவில் குவிந்திருக்கின்றன. அவற்றைச் சின்னத் திரையில் படிப்பது சிரமம், கணினியில் பாருங்கள்.

நாட்டுடைமைன்னா என்ன? எந்தப் புத்தகத்தை யாரு வேணா போடலாம்?

இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை இருக்கும். கல்கி 1954 டிசம்பரில் காலமானார், அந்தக் கணக்கில் 2014 முடிவோடு உரிமைக் காலம் முடிந்தது. அந்தக் கெடு வருவதற்கு முன்பே தமிழக அரசு வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து நூல்களைப் பொதுவாக்கினால் அது நாட்டுடைமை. பாரதியின் எழுத்துகள் 1949-லேயே அப்படி ஆகிவிட்டன. கல்கியின் எழுத்துகளும் 60 ஆண்டு வரை காத்திருக்காமல் நாட்டுடைமை ஆனவையே. அதனால்தான் அவருடைய நாவல்களுக்கு இத்தனை மலிவுப் பதிப்புகள்.

ஒன்றில் பலர் தவறுகிறார்கள். மூலநூல் பொதுவானது என்பதால் அதன் மொழிபெயர்ப்பும் பொதுவாகிவிடாது. டால்ஸ்டாய் இறந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, ஆனால் பத்து வருடம் முன்பு ஒருவர் செய்த தமிழாக்கத்தின் உரிமை அந்த மொழிபெயர்ப்பாளருடையது. உரைநூல்களுக்கும் இதே கணக்குதான்.

டெலிகிராம் குரூப்ல புதுப் புத்தகம் எல்லாம் பிடிஎஃப்பா வருதே, அது போதாதா?

வேண்டாம். தமிழில் பல நல்ல நூல்கள் சில நூறு பிரதிகள்தான் அச்சாகின்றன. அதில் ஐம்பது பேர் திருட்டுப் பிடிஎஃப்புக்குப் போனால் அந்த எழுத்தாளருக்கு அடுத்த புத்தகம் இல்லை. காசு பிரச்சனை என்றால் மேலே சொன்ன இலவசத் தளங்கள் இருக்கின்றன, மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. கிண்டிலில் மாதச் சந்தாவும் இருக்கிறது: ஒரே நேரத்தில் 20 நூல்கள் வரை இரவலாக வைத்துக்கொள்ளலாம், படித்ததைத் திருப்பிவிட்டு அடுத்தது எடுக்கலாம். வாங்கலாமா வேண்டாமா என்று சந்தேகமான நூல்களுக்கு நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

பிடிஎஃப் போட்டேன், எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. பெருசாக்கினா பாதி வரி வெளிய போயிடுது.

பிடிஎஃப் என்பது பக்கத்தைப் படம் பிடித்த மாதிரி. பெரிய தாளுக்குச் செய்ததை 6 அங்குலத்துக்குள் அடைத்தால் எழுத்து சுருங்கத்தான் செய்யும். இபப் வடிவத்தில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடங்கி அடுத்த வரிக்கு ஓடிவிடும். அதனால் இரண்டும் கிடைக்கும் இடத்தில் இபப்பையே எடுங்கள். பிடிஎஃப் மட்டும்தான் இருக்கிறது என்றால் கருவியைப் படுக்கைவாட்டில் திருப்பிப் பாருங்கள், ஓரளவு தேறும்.

கருவிக்கு அனுப்ப எளிய வழி, அதற்கென்று கொடுத்திருக்கும் மின்னஞ்சல் முகவரி. 50 எம்பி வரை மின்னஞ்சலில் போகும், 200 எம்பி வரை அமேசானின் அனுப்பும் பக்கத்தில் போகும். 2022-லிருந்து இபப்பையே ஏற்றுக்கொள்கிறது, பழைய மோபி வடிவத்தை இப்படி அனுப்ப முடியாது. மோபி ஃபைல்கள் வைத்திருப்பவர்கள் காலிபர் என்ற இலவச மென்பொருளில் மாற்றிக்கொள்ளலாம். நம் நாட்டுக்காரரான கோவிட் கோயல் 2006-ல் தொடங்கிய மென்பொருள் அது.

என் வாத்தியார் குடுத்த பழைய ஃபைல். போட்டா தமிழே வரல, ஏதேதோ இங்கிலீஷ் எழுத்தா வருது.

ஃபைல் கெட்டுப்போகவில்லை, பயப்படாதீர்கள். யூனிகோட் பரவுவதற்கு முன்னால் திஸ்கி, டேப், டேம், பாமினி என்று ஆளுக்கொரு குறியீட்டில் தமிழைத் தட்டச்சு செய்தார்கள். அந்தந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டும் அது தமிழாகத் தெரியும், மற்ற இடங்களில் குப்பை மாதிரி தெரியும். தமிழக அரசே 2010-ல்தான் யூனிகோடை ஏற்றது. இணையத்தில் எழுத்துரு மாற்றிகள் இலவசமாக இருக்கின்றன. அதில் ஒட்டி, யூனிகோடாக மாற்றி, பிறகு அனுப்புங்கள். மாற்றியபின் ஒரு அத்தியாயத்தையாவது முழுதாகப் படித்துச் சரிபார்க்கவேண்டும்.

குரூப் ஃபோருக்குப் படிக்கிறேன்கா. ஸ்கூல் புக்ஸ் எல்லாம் இதுல போட்டுக்கலாமா?

வாங்காதே தம்பி. பள்ளிப் பாடநூல்கள் வண்ணப் படங்கள், வரைபடங்கள், அட்டவணைகளோடு பெரிய பக்கத்தில் இருக்கும். எறும்புக் கேள்வியில் சொன்ன கஷ்டம் முழுவதும் உனக்கு வரும். இந்தத் திரையில் வண்ணமும் தெரியாது. பரீட்சைக்குப் படிக்கும்போது முன்னும் பின்னும் புரட்டவேண்டும், ஓரத்தில் எழுதவேண்டும். அதற்குக் காகிதம்தான் வேகம். வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கியதும் வந்து கேள், நானே கூட வந்து வாங்கித் தருகிறேன்.

நான் சித்தேரி மலைப்பக்கம் ஸ்கூல்ல வேலை பாக்கறேன். சிக்னல் இல்லாத இடத்துல என்ன பண்றது டீச்சர்கள் எல்லாம்?

படிப்பதற்கு இணையம் தேவையில்லை, புத்தகத்தை இறக்கத்தான் தேவை. அரூருக்கு வரும் நாளில் பத்துப் பதினைந்தை இறக்கிக்கொள்ளுங்கள். கருவிக்கு வைஃபை வேண்டும், செல்போனின் ஹாட்ஸ்பாட்டே போதும். ஒரு தமிழ் நாவல் பெரும்பாலும் ஒரு புகைப்படத்தை விடப் பெரிய ஃபைல் இல்லை. ஆயிரக்கணக்கில் போட்டாலும் இடம் மிச்சமிருக்கும். இலவச இபப்பைக் கணினியிலிருந்து கேபிள் போட்டும் ஏற்றலாம், இபப்பைக் காலிபரில் மாற்றி ஏற்றவேண்டும், அவ்வளவுதான்.

வாசகர் வட்டத்துல ‘நூத்தி நாப்பதாம் பக்கம் எடுங்க’ன்னு சொன்னா நான் முழிக்கிறேன். என்ன பண்றது?

எழுத்தளவு மாறினால் பக்கக் கணக்கும் மாறும், அதனால் பல மின்னூல்களில் உண்மையான பக்க எண்ணே இருக்காது. நான் அந்தப் பத்தியில் உள்ள அபூர்வமான ஒரு சொல்லைக் கேட்டு, அதைத் தேடி எடுத்துவிடுகிறேன். மற்றவர்கள் புரட்டி முடிப்பதற்குள் நான் போய்ச் சேர்ந்திருப்பேன். பேசப்போகும் பத்திகளுக்கு முதல்நாளே கோடிட்டு வைத்தால் எல்லாம் ஒரே இடத்தில் பட்டியலாக நிற்கும். ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் மேற்கோளுக்கு அச்சுப் பதிப்பைப் பார்த்தே ஆகவேண்டும், அதில் சமாதானம் கிடையாது.

கீழ விழுந்தா உடைஞ்சிடுமா?

விழுவதைவிட அமுங்குவதுதான் ஆபத்து. உள்ளே இருப்பது மெல்லிய கண்ணாடி. என் முதல் கருவி உடைந்தது கீழே விழுந்து அல்ல. முகூர்த்த நாள் கூட்டத்தில், பைக்குள் டிபன் பாக்ஸின் விளிம்பு திரையில் அழுந்தியது. வெளியில் கீறல்கூட இல்லை. திறந்தால் பாதிப் பக்கம் எழுத்து, பாதிப் பக்கம் கோடுகள். திரை மாற்றும் செலவு புதியதன் விலையை நெருங்கியது. கெட்டி அட்டை உறை போடுங்கள், பையில் தனி அறையில் வையுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் நிறுத்திய காருக்குள்ளோ பைக் பெட்டிக்குள்ளோ விடாதீர்கள், 35 டிகிரிக்கு மேல் பயன்படுத்தக்கூடாது என்பது பொதுவான அளவு.

காசு குடுத்து வாங்கின மின்னூல் என்னோடதுதானே? நாளைக்கு என் பொண்ணுக்குக் குடுக்கலாம்ல?

இதுதான் எனக்கு வருத்தமான பதில். நீங்கள் வாங்குவது படிக்கும் உரிமம், புத்தகம் அல்ல. 2009-ல் உரிமை இல்லாத ஒருவர் விற்ற ஆங்கில நாவல்களை, வாங்கியவர்களின் கருவியிலிருந்தே அமேசான் அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். ஆனாலும் அழிக்க முடியும் என்பது தெரிந்துவிட்டது. வாங்கிய நூலைக் கணினியில் இறக்கி வைக்கும் வசதியையும் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார்கள். கடையில் வாங்கிய நூல் உங்கள் கணக்கோடு கட்டப்பட்டது, கணக்கு போனால் அதுவும் போகும். ஒரே கணக்கில் வீட்டில் இரண்டு மூன்று கருவிகளைப் பதிவு செய்யலாம், மகளோடு பகிர அது ஒரு வழி.

மதுரைத் திட்டம் போன்ற இடங்களில் எடுத்த ஃபைல்களுக்கு இந்தப் பூட்டு இல்லை. அவற்றைப் பென்டிரைவில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்ப வீட்டுல இருக்கிற புத்தகத்தை எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுடலாமா?

மேலே உள்ள பதிலைப் படித்துவிட்டுமா? கூடாது. நான் எப்படிப் பிரித்தேன் என்று சொல்கிறேன். எங்கள் வீட்டில் சுவரில் பதித்த கடப்பாக்கல் அலமாரியில் கரையான் ஏறி, கீழ்த்தட்டில் இருந்த பாதியைத் தின்றுவிட்டிருந்தது. மிச்சத்தை முற்றத்தில் பரப்பி, அப்பாவும் நானும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தோம். மின்னூலாகத் தாராளமாகக் கிடைப்பதும், மறுபடி படிக்கப் போவதில்லை என்று இருவருக்கும் தோன்றியதும் ஒரு குவியல். அவற்றில் நல்ல நிலையில் இருந்ததை நூலகத்தில் கேட்டுவிட்டுக் கொடுத்தோம், கேட்காமல் மூட்டை கட்டிக்கொண்டு போய் இறக்காதீர்கள், அவர்களுக்கும் இடம் வேண்டும். எங்கும் கிடைக்காதது, கையெழுத்து உள்ளது, ஓரத்தில் அப்பா பென்சிலால் எழுதியது இன்னொரு குவியல். அதில் எழுபது தேறியது.

அந்த எழுபதும் இப்போது சுவரை ஒட்டாத இரும்பு ரேக்கில் இருக்கின்றன, தட்டுக்குத் தட்டு வேப்பிலை. அப்பா ராத்திரி கருவியில் படிக்கிறார், பகலில் ரேக்கிலிருந்து ஒன்றை எடுத்து, பென்சிலையும் பூதக்கண்ணாடியையும் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்காருகிறார்.